அல்லாவின் அணையும் அரசர்களின் அணையும்

2021 நவம்பர் 29 விடியற்காலையில் வேலூருக்கு மேற்கே பூமி குலுங்கியது. அளவு 3.6. சில வீட்டுச் சுவர்களில் விரிசல் விழுந்ததாகச் செய்தி வந்தது, அதோடு சரி. ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூர்க்காரர்களுக்கு மலை என்றால் அசையாத ஒன்று. ‘மலை மாதிரி உக்காந்திருக்கான்’ என்றுதான் பேச்சே. இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பாறை அசையாது என்று பள்ளிக்கூடப் புத்தகமும் நம்ப வைத்திருந்தது. 1993 செப்டம்பர் 30இல் மராட்டியத்துக் கில்லாரியில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்த பிறகுதான் தக்காணத்தின் ‘உறுதி’ குறித்த அந்தச் சொல்லாடல் ஆட்டம் கண்டது.

நிலத்தடிப் பாறையில் பழைய வெடிப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் நெருக்குகிறது, உராய்வு பிடித்து வைத்திருக்கிறது. பிடி விடும் நொடியில் ஒரு பக்கம் மற்றதன் மேல் ஏறுகிறது. சின்ன நடுக்கங்களில் இந்த நகர்வு ஆழத்திலேயே அடங்கிவிடும். பெரிய நடுக்கத்திலும் அது மேலே தெரிந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை: 2001இல் புஜ்ஜை நொறுக்கிய பிளவு தரைக்கு வரவே இல்லை. வந்துவிட்டால் ஆற்றின் வழி மாறும், வயல் கடலாகும், ஊர் இடம்பெயரும். வரைபடத்தைத் திருத்தியாக வேண்டும். வரைபடம் யாருடையது என்ற கேள்வியும் அப்போது வந்துவிடும்.

1819 ஜூன் 16 மாலை கட்ச் ரண்ணில் இதுதான் நடந்தது. இன்றைய கணிப்பில் அளவு 7.7க்குக் குறையாது, அதாவது வேலூர் நடுக்கத்தைவிட வெளிப்பட்ட ஆற்றல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். வடக்குப் பக்கத்து நிலம் எண்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேடாக எழும்பியது, சில இடங்களில் ஆறு மீட்டர் வரை. தெற்குப் பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தில் சிந்துவின் கிழக்குக் கிளையோரம் இருந்த சிந்த்ரி கோட்டைக்குள் கடல் புகுந்தது. கோபுரம் ஒன்றில் ஏறி நின்றவர்களை மறுநாள் படகு வைத்து மீட்டார்கள். லக்பத்தில் நீரிறக்க வேளையில் காலால் கடந்த ஓடை பதினெட்டு அடி ஆழமானது. அகமதாபாத் ஜும்மா மசூதியின் ஸ்தூபிகளும் அன்றுதான் விழுந்தன.

எழும்பிய மேட்டுக்கு மக்கள் வைத்த பெயர் அல்லா பந்த். (நம்ம கடையடைப்பு பந்த் அல்ல, ஆனால் அடைப்பது என்ற வேர் இரண்டுக்கும் ஒன்றுதான்.) இதைப் பாமரரின் பக்தி என்று வாசித்துவிட்டுப் போவது சோம்பேறித்தனம். அந்த ஆற்றின் குறுக்கே ஏற்கனவே பல அணைகள் இருந்தன. 1762இல் ஜாரா என்ற இடத்தில் கட்ச்சோடு போரிட்ட சிந்து அரசன் குலாம் ஷா கல்ஹோரா, அதன்பின் மோரா அருகே ஆற்றை அடைத்தான். பின்னால் வந்தவர்களும் அடைத்தார்கள். லக்பத்தை ஒட்டிய சாய்ரா வட்டாரத்து நெல் வயல்கள் உப்புத்தரையாயின. ஆக, பூகம்பம் வருவதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே அந்த விவசாயியின் நிலவியல் மாறிவிட்டது. மனிதன் கட்டாத அணை இது என்று வேறுபடுத்திக் காட்டத்தான் அந்தப் பெயர். ஒரு அணைக்கு அல்லா பொறுப்பு என்றால் மற்ற அணைகளுக்கு யார் பொறுப்பு என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இதைவிடத் துல்லியமான வகைப்பாட்டை எந்த நிலவியலாளர் செய்தார்?

செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது; அந்தப் பெயரையும் காரணத்தையும் சேர்த்தே சார்லஸ் லயல் தன் நிலவியல் நூலில் எழுதினார். கிரிண்ட்லே 1808இல் வரைந்த சிந்த்ரி கோட்டைப் படமும் அதன் பின்னைய பதிப்புகளில் இடம்பெற்றது. நிலம் இன்றும் மாறிக்கொண்டிருக்கிறது என்ற அவர் வாதத்துக்குக் கட்ச் பெரிய சாட்சி. ஆனால் சாட்சி வந்த வழியைப் பார்க்க வேண்டும். நடுக்கத்தை முதலில் விவரித்த மேக்மர்டோ, புஜ்ஜில் கம்பெனியின் ரெசிடெண்ட். அதே 1819இல்தான் கம்பெனி ராவ் பார்மல்ஜியை இறக்கிவிட்டுச் சிறு குழந்தையான அவர் மகனைப் பட்டத்தில் உட்கார வைத்தது. 1827இலும் 1828இலும் ரண்ணுக்குப் போய் அளந்த அலெக்சாண்டர் பர்ன்ஸ், 1831இல் ரஞ்சித் சிங்குக்குக் குதிரை கொண்டுபோகும் சாக்கில் சிந்துவின் ஆழத்தையும் அளந்தார். 1843இல் சிந்து கம்பெனி வசம். லயலின் அறிவியல் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அளவுகோலைப் பிடித்த கை எது என்பதை மறக்க வேண்டாம், அவ்வளவுதான்.

1826இல் சிந்துவில் பெருவெள்ளம். அரசர்கள் கட்டிய அணைகளை உடைத்த ஆறு அல்லாவின் அணையையும் அறுத்துக்கொண்டு சிந்த்ரி வரை நல்ல தண்ணீரைக் கொண்டுவந்தது. ஆற்றுக்கு இந்த வேறுபாடு கிடையாது போலிருக்கிறது.

நமக்கு உண்டு. ஒடுகத்தூர் வழியே வரும் உத்திர காவேரி போய்ச் சேருகிற பாலாறு வறண்டு கிடப்பதற்குப் பிளவு எதையும் தேடிப்போக வேண்டியதில்லை. 1892இன் சென்னை-மைசூர் ஒப்பந்தமும், மேலே ஆந்திரத்தில் உயர்த்தப்பட்ட தடுப்பணைகளும், நம் ஆட்களே அள்ளிய மணலும் போதும். ‘மழை இல்ல, என்ன பண்றது’ என்று எல்லாவற்றையும் வானத்தின் தலையில் கட்டுவது எளிது. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கொய்னா அணையில் தண்ணீர் தேக்கியபின் அங்கே நடுக்கங்கள் பெருகின; 1967 டிசம்பர் 11இல் வந்த பெரிய நடுக்கத்தில் ஏறக்குறைய 180 பேர் இறந்தார்கள். அதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

ரண்ணின் கதை 1819இலோ 1826இலோ முடியவில்லை. 1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கே சண்டையிட்டன. வழக்கு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. ரண் நீர்ப்பரப்பு, ஆகவே எல்லை நடுவில் ஓட வேண்டும் என்றது பாகிஸ்தான். அது சதுப்பு நிலம், எங்களுடையது என்றது இந்தியா. 1968இல் தீர்ப்பு வந்தது. கேட்டதில் பத்தில் ஒரு பங்குதான் பாகிஸ்தானுக்குக் கிடைத்தது. சாய்ராவில் நெல் விளைந்த காலத்தைப் பற்றி இரு தரப்புக்கும் கவலை இல்லை.