கழற்றி எறிந்த பெட்டியும் காட்டிக் கொடுத்த சென்சாரும்

அமெரிக்காவில் சொந்த வண்டியை வீட்டு வாசலிலேயே பழுது பார்ப்பது பலருக்குப் பழக்கம். பிக்கப் டிரக்கின் அடியில் படுத்து, கெட்டுப்போன கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். 1970களிலும் இப்படிப் படுத்துக் கழற்றியவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் புதியதை மாட்டவில்லை, அந்த இடத்தில் வெறும் குழாயைச் சொருகினார்கள்! இந்த மாற்றம் எப்படி வந்தது?

கதை லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்குகிறது. 1943 ஜூலையில் அந்த நகரைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. ஜப்பான் விஷவாயுத் தாக்குதல் நடத்துகிறதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். உண்மையான காரணத்தை 1950களின் தொடக்கத்தில் வேதியியல் அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மித் விளக்கினார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து அந்தப் புகைமூட்டத்தை உண்டாக்குகின்றன என்பதே அது.

இதற்கு மருந்து தேடியவர்களில் ஒருவர் பிரான்சிலிருந்து அமெரிக்கா சென்ற பொறியாளர் யூஜின் ஹூட்ரி. வாகனப் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டருக்கு 1950களிலேயே அவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். 1962ல் ஹூட்ரி இறந்தபோது அவருடைய கண்டுபிடிப்பு கார்களுக்கு வந்து சேரவில்லை.

1970ல் வந்த தூய காற்றுச் சட்டம் நிலைமையை மாற்றியது. கார் புகையிலுள்ள நச்சுப் பொருள்களை 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது சட்டம். 1974ல் ஈயமில்லாப் பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. 1975ம் ஆண்டு மாடல் கார்களில் பெரும்பாலானவை கன்வெர்ட்டருடன் வெளிவந்தன. டிரக்குகளுக்கு மட்டும் ஒரு சந்து கிடைத்தது. மொத்த எடை 6,000 பவுண்டுக்கு மேல் போனால் அந்தக் கடுமையான விதி இல்லை. ஃபோர்டு நிறுவனம் அந்த எல்லையைச் சற்றே தாண்டும்படி எஃப்-150ஐ 1975ல் கொண்டுவந்தது. 1979ல் எல்லை 8,500 பவுண்டாக உயர்ந்ததும் சந்து அடைபட்டது.

ஈயம் கலந்த பெட்ரோல் விலை குறைவு. அதனால் பெட்ரோல் ஊற்றும் துளையைப் பெரிதாக்கி அதையே ஊற்றியவர்கள் பலர். கன்வெர்ட்டர் பாழானது. பிறகு அதைக் கழற்றி எறிந்தார்கள். 1977ம் ஆண்டுத் திருத்தம் பட்டறைக்காரர்கள் அப்படிச் செய்வதைத் தடுத்தது. வண்டிச் சொந்தக்காரர் தானே கழற்றுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமானது 1990ம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

சட்டம் மட்டும் போதவில்லை, ஒரு சாட்சியும் தேவைப்பட்டது. அந்தச் சாட்சிதான் ஆக்சிஜன் சென்சார். பாஷ் நிறுவனம் தயாரித்த இது 1976ல் வால்வோ கார்களில் முதலில் வந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தில்தான் மூவழிக் கன்வெர்ட்டர் மூன்று நச்சுப் பொருள்களையும் நன்றாக மாற்றும். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து, எரிபொருள் கூடினால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் சுமார் 0.1 வோல்ட் என்று சென்சார் சொல்லும். கணினி அதைக் கேட்டு எரிபொருளைத் திருத்தும்.

1996ம் ஆண்டு மாடல் முதல் கார்களுக்கும் சிறிய டிரக்குகளுக்கும் ஓபிடி-2 என்ற சோதனை முறை கட்டாயமானது. கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் வந்தது. கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சாரின் அளவு ஏறத்தாழ நிலையாக இருக்கும். முன் சென்சார் ஆடுவதைப் போலவே அதுவும் ஆடினால், பி0420 போன்ற குறியீடு பதிவாகி எச்சரிக்கை விளக்கு எரியும். வெறும் குழாயை மாட்டினால் குட்டு உடைந்துவிடும்! பல மாநிலங்களில் புகைச் சோதனையிலும் அந்த வண்டி தேறாது.

வீட்டு மெக்கானிக்கின் வேலையும் இதனால் மாறியது. வி-8 எஞ்சின் டிரக்கில் பெரும்பாலும் நான்கு சென்சார்கள் இருக்கும். எஞ்சின் ஆறிய பின் வண்டியைத் தாங்கிகளின் மேல் உறுதியாக நிறுத்துவது, துருப்பிடித்த மறையில் எண்ணெய் விட்டு ஊறவைப்பது, ஒயர் நுழையப் பிளவுள்ள சாக்கெட்டால் சென்சாரைத் திருகுவது, மறையில் தடவும் பசை சென்சார் முனையில் படாமல் பார்ப்பது என்று எல்லாம் பொறுமையான வேலை. அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. புகைக்குழாய்க் கசிவாலும் அதே குறியீடு வரலாம். எஞ்சின் சரியாக எரியாமலோ எண்ணெய் குடித்தோ கன்வெர்ட்டரைக் கெடுத்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புதியதும் கெட்டுப்போகும்.

கன்வெர்ட்டருக்காகப் பெட்ரோலிலிருந்து எடுக்கப்பட்ட ஈயம், 1996ல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு வெகுவாகக் குறைந்தது. அன்று பலர் வேண்டாத சுமை என்று கழற்றி எறிந்த பெட்டி, அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் உழைத்துக்கொண்டிருந்தது.