மாணவர் எழுதிய ஆசிரியர் சரித்திரம்

ஆசிரியரைப் பற்றி மாணவர் எழுதிய தமிழ் நூல்களுள் தலையாயது, உ. வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரம். ஐயர் 1871இல் மாயூரத்தில் அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். 1876இல் பிள்ளையவர்கள் மறைந்தார்.

நூல் தோன்றும்வரை கழிந்த ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே நாம் எண்ணத்தக்கவை. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்கள் கற்றீர் என்று வினவினார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாமல் சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். ஐயர் அதைக் கற்றதில்லை. பிள்ளையவர்களின் பாடத்திற்கு அப்பாலும் ஒரு தமிழ் இருந்தது! 1887இல் சிந்தாமணியையும், பின்னர்ப் பத்துப்பாட்டு, சிலம்பு, புறநானூறு ஆகியவற்றையும் அவர் அச்சேற்றினார்.

ஆசிரியரது கல்வியின் எல்லையை அவரினும் நன்கறிந்தவர் இலர். அறிந்த பின்னரே அந்தச் சரித்திரத்தை எழுதினார். பிள்ளையவர்களை வாட்டிய கடன் தொல்லையையும் மறைக்கவில்லை. இன்று மகாவித்துவானின் புராணங்களைப் படிப்போர் சிலர். மாணவர் எழுதிய சரித்திரத்தைப் படிப்போர் மிகுதி. கவிஞர்களுக்கு இது சற்றுக் கசக்கும்.

நம் களியக்காவிளைக்கு அப்பால், திருவனந்தபுரத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர் ஜேசுதாசனையும் இங்கே நினைக்கலாம். அவரைப் பாத்திரமாக்கி ஜெயமோகன் எழுதிய ‘மத்துறு தயிர்’ 2011இல் ‘அறம்’ தொகுப்பில் வந்தது. அதில், சிதைந்துபோன மாணவனுக்காக உருகுபவர் ஆசிரியர்.