வெட்டுவிளிம்பைத் தேய்ப்பது எது? சென்னையின் மேற்குப் புறநகர் மண்ணும் மண்வாரி எந்திரங்களின் எஃகும்

மிக்ஜாம் புயலின் வெள்ளம் 2023 டிசம்பரில் வடிந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் தாழ்ந்த தெருக்களும் சேற்றில் கிடந்தன. இப்படி வெள்ளம் வடியும்போதெல்லாம் சேற்றை வழிக்க வருவது ஜேசிபி என்ற பொதுப்பெயரால் நாம் அழைக்கும் மண்வாரி எந்திரம். பக்கெட்டின் விளிம்பைத் தார்ச்சாலையோடு படியவைத்துச் சேற்றைத் தள்ளுவது அதன் வேலை. ஜோஜிலா கணவாயிலும் மணாலி–லே சாலையிலும் எல்லைச் சாலைகள் அமைப்பின் புல்டோசர்கள் பனியைத் தள்ளுவதும் இதே வேலைதான். சேறும் மென்மையானது, பனியும் மென்மையானது. எஃகைத் தேய்க்கும் வலு இரண்டுக்கும் இல்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் விளிம்பு தேய்ந்து தீர்கிறது.

விளிம்பைத் தேய்ப்பது தள்ளப்படும் பொருள் அல்ல, அதில் கலந்திருக்கும் துகளும் அடியில் கிடக்கும் தளமும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். அதை ஏற்றால், விளிம்புக்கான உலோகத்தை விற்பனையாளரின் பட்டியலிலிருந்து அல்ல, வேலை நடக்கும் தரையிலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் வட்டாரத்தில் வேரூன்றிய இரண்டு நம்பிக்கைகளையும் அப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும். கடினம் கூடினால் ஆயுள் அதே அளவு கூடும் என்பது ஒன்று. மாங்கனீஸ் எஃகு எங்கும் தேயாது என்பது மற்றொன்று.

முதலில் தரை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஏரிகளின் ஊர்கள். மேலே களியும் வண்டலும், நிரப்புவதற்கு லாரிகளில் வந்து கொட்டப்படும் சவுடு, திருவள்ளூர்ப் பக்கத்துச் செம்புரைச் சரளை, அவற்றோடு சாலைக்கும் காங்கிரீட்டுக்கும் வரும் கருங்கல் ஜல்லி என்று தரை பல அடுக்காக இருக்கிறது. சரளையில் உருண்டு திரண்ட குவார்ட்சைட் கூழாங்கற்கள் உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழங்கற்காலக் கருவி இந்தக் கல்லால் ஆனது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கண்ட கைக்கோடரிகளும் அப்படியே. வெட்டவும் பிளக்கவும் ஆதிமனிதர் தேர்ந்துகொண்ட கல் இன்று பக்கெட் பல்லுக்கு எதிரே நிற்கிறது. கருங்கல் ஜல்லியோ பெரும்பாலும் சார்னாக்கைட். கொல்கத்தாவிலுள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது என்பதால் தாமஸ் ஹாலண்ட் இதற்கு அப்பெயரைச் சூட்டினார். பாறையியலார் இதன் மூல இடமாகச் சுட்டுவது பல்லாவரக் குன்றையே. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் ஆகியவை இதன் முதன்மைக் கனிமங்கள்.

இவற்றுள் குவார்ட்ஸ்தான் நமக்கு முக்கியம். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200. சாதாரண மைல்டு ஸ்டீல் 150-ஐத் தாண்டுவதில்லை. 0.8 விழுக்காடு கரிமம் கொண்ட, பனித்தள்ளிகளிலும் கிரேடர்களிலும் நெடுங்காலம் புழங்கிய பிளேடு எஃகு 250 முதல் 300. போரான் கலந்து, காய்ச்சித் தோய்த்துப் பதப்படுத்திய இன்றைய நல்ல பக்கெட் பல் 500 பிரினெல், அதாவது விக்கர்ஸில் 530 அளவு. விலை கூடிய பல்லுக்கும் குவார்ட்ஸ் மணலுக்கும் நடுவே இன்னும் இருமடங்கு இடைவெளி இருக்கிறது.

ஜே. எஃப். ஆர்ச்சர்டு 1953-இல் தந்த எளிய சமன்பாட்டின்படி, தேய்ந்துபோகும் உலோகத்தின் கன அளவு அழுத்தத்துக்கும் சறுக்கிய தூரத்துக்கும் நேர்விகிதத்திலும், தேயும் பொருளின் கடினத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும். இதைப் படித்ததும் கடினத்தை இரட்டித்தால் ஆயுளும் இரட்டிக்கும் என்று தோன்றுவது இயல்பு. தூய உலோகங்களில் அது ஓரளவு சரி. வெப்பப் பதம் கொடுத்த எஃகில் பலன் அதைவிடக் குறைவு என்பதை ரஷ்ய ஆய்வாளர் குருஷ்சோவின் சோதனைகள் காட்டின. ஆய்வாளர் ரிச்சர்ட்சன் 1960களில் இன்னொரு வரம்பைத் தெளிவாக்கினார். துகள் பரப்பைவிடத் தெளிவாகக் கடினமாக இருக்கும்வரை தேய்மானம் வேகமாகவே நடக்கும். பரப்பின் கடினம் துகளின் கடினத்தில் பத்தில் எட்டுப் பங்கை எட்டும்போதுதான் தேய்மானம் சட்டென்று விழுகிறது. குவார்ட்ஸுக்கு அந்த வாசல் விக்கர்ஸ் 800-க்கும் 960-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 400 பிரினெல் பல்லை விட்டு 500-க்குப் போவது பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பயன் உண்டு, ஆனால் அளவோடுதான். வாசலைக் கடப்பவை கார்பைடுகள் என்னும் கரிமச் சேர்மங்கள்.

துகளின் வடிவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உருண்ட மணல் உலோகத்தை உழுது இருபக்கமும் ஒதுக்கும். உலோகம் உடனே பெயர்வதில்லை, பலமுறை மடங்கி அயர்ந்தபிறகே உதிர்கிறது. கூர்முனைத் துகளோ முதல் சறுக்கலிலேயே சீவி எடுத்துவிடும். ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்தபின் மேற்குப் புறநகரின் கட்டுமானத் தளங்களில் குவிந்திருக்கும் எம்-சாண்ட், கருங்கல்லை உடைத்து எடுப்பது; அதன் ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கிறது. எனவே, ஏரிச் சவுடு வாரும் பக்கெட்டும் எம்-சாண்ட் வாரும் பக்கெட்டும் ஒரே வேகத்தில் தேய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

மாங்கனீஸ் எஃகைப் பற்றிய நம்பிக்கைதான் பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் மிக உறுதியானது. ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882-இல் ஷெஃபீல்டில் கண்டுபிடித்த இந்தக் கலவையில் ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீஸும் 1.2 விழுக்காடு கரிமமும் இருக்கும். புதிதாக இருக்கும்போது இதன் கடினம் ஏறத்தாழ 200 பிரினெல் மட்டுமே. பாறையின் மோதல் தொடர்ந்து விழ விழ மேற்பரப்பு 500-க்கும் மேலே இறுகும், உள்ளே மிருது அப்படியே நிற்கும். கல் உடைக்கும் ஜா கிரஷரின் தகட்டுக்கும் ரயில் தடங்கள் குறுக்கிடும் இடத்து வார்ப்புக்கும் இதற்கு இணை இன்றும் அரிது. ஆனால் அந்த இறுக்கம் அடி வாங்கி வருவது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஈரச் சவுடு வாரும் பல்லின்மீது மோதல் எங்கே விழுகிறது? மணல் மெல்லச் சறுக்கிப் போகிறது. பரப்பு இறுகுவதற்கு முன்பே சீவப்பட்டுவிடுகிறது. அந்த வேலையில் மாங்கனீஸ் பல் 200 பிரினெல் எஃகாகவே தேய்கிறது. இதே பல்லை இடிபாட்டுக் காங்கிரீட் அள்ளும் தளத்துக்குக் கொண்டுபோனால் கதை மாறும். ஒரு தளத்தில் கண்ட நல்ல அனுபவத்தை எல்லாத் தளத்துக்கும் பொதுவாக்கியதால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு வேரூன்றியது என்பது என் கணிப்பு.

வாசலைக் கடக்கும் கார்பைடுகளுக்குத் தனிக் குறை உண்டு. குரோமியம் கார்பைடின் கடினம் 1,500-ஐ ஒட்டியது. 1923-இல் பெர்லினில் கார்ல் ஷ்ரோட்டர் கோபால்ட்டோடு சேர்த்துச் செய்துகாட்டிய டங்ஸ்டன் கார்பைடு 1,300 முதல் 1,700 வரை போகும். இரண்டும் அடிபட்டால் விரிசல் விட்டு உடையும். அமெரிக்க, கனடிய நெடுஞ்சாலைகளின் பனித்தள்ளிகளில் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகளை எஃகுப் பட்டையின் அடிவிளிம்பில் பதித்துப் பொருத்துகிறார்கள். சறுக்கலைக் கார்பைடு தாங்குகிறது, மோதலைச் சுற்றியுள்ள எஃகு வாங்கிக்கொள்கிறது. மேன்ஹோல் மூடியோ பாலத்தின் இணைப்போ தட்டும் இடங்களில் அந்தத் துண்டுகளும் சிதறும். அதனால் ரப்பரில் பொதிந்த விளிம்புகளையும் அங்கே கையாளுகிறார்கள்.

மேற்குப் புறநகருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒரு பாகுபாடு. பல் மோதும் உறுப்பு. மூலைகளும் பக்கத் தகடும் அடித்தகடும் சறுக்கும் உறுப்புகள். பல்லுக்கு முழு ஆழமும் பதமேறிய 450 முதல் 500 பிரினெல் எஃகு வேண்டும். மேல்தோல் மட்டும் இறுகிய பல் வாங்கினால், அந்தத் தோல் போனபின் மீதி வெறும் இரும்பாகத் தேயும். அடித்தகட்டில் குரோமியம் கார்பைடு படிவை வரிவரியாக வெல்டு செய்வது பயன் தரும். பல்லில் அதைச் செய்வதானால் ஒரு முகத்தில் மட்டும் செய்ய வேண்டும். எலியின் முன்பல்லில் எனாமல் முன்பக்கம் மட்டும் இருப்பதால் பின்பக்கம் முந்தித் தேய்ந்து கூர் நிலைப்பதுபோல, பக்கெட் பல்லும் தேயத் தேயத் தன்னைத் தீட்டிக்கொள்ளும். இரண்டு முகத்திலும் அப்பினால் முனை மழுங்கும். மழுங்கிய முனையை மண்ணில் இறக்க ஆப்பரேட்டர் அழுத்தத்தைக் கூட்டுவார். அழுத்தம் கூடினால் தேய்மானம் கூடும் என்பதை ஆர்ச்சர்டின் சமன்பாடே சொல்லிவிட்டது. எரியும் டீசல் தனி.

பழுதுபார்ப்பில் நடக்கும் சேதம் தேர்வில் நடப்பதைவிடப் பெரிது. தேய்ந்த பல்லின்மீது லாரி ஸ்பிரிங் பட்டையை வைத்துக் கையிலிருக்கும் ராடால் ஒட்டித் தருவது சாலையோரப் பட்டறைகளில் வழக்கம். பதமேறிய 500 பிரினெல் எஃகு 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பதம் இழக்கத் தொடங்கும். வெல்டை ஒட்டிய பகுதி அதற்கு எத்தனையோ மடங்கு சூடாகிறது. ஈரம் ஏறிய ராடு ஹைட்ரஜனைச் செலுத்த, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெல்டின் ஓரம் விரிசல் விடுகிறது. அந்த எஃகை ஒட்டும் முன் அளவாகச் சூடேற்றுவதும், உலர்த்திய ராடைப் பயன்படுத்துவதும் அவசியம். மாங்கனீஸ் எஃகுக்கோ நேர் எதிர்: அதை முன்சூடேற்றக் கூடாது. சூடு தங்கினால் உள்ளே கார்பைடு பிரிந்து அதன் முறியாமை போய்விடும். சிறிது சிறிதாக ஒட்டி, நடுவே ஆறவிட வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மாங்கனீஸ் எஃகில் காந்தம் ஒட்டாது. ஒவ்வொரு வெல்டிங் பட்டறையிலும் ஒரு காந்தம் தொங்கினால் எத்தனையோ பற்கள் பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதே வட்டாரத்தில் மண்ணைத் தள்ளும் பிளேடுக்கு வேறொரு முகமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கான ஆணை வந்தது. அந்த டாங்கியின் முன்னால் பொருத்துவதற்கென வடிவமைத்த கண்ணிவெடிக் கலப்பை, சங்கிலித் தடத்தின் அகலத்துக்கு மண்ணைக் கிளறிக் கண்ணிவெடியை ஓரம் ஒதுக்குவது. அங்கே பிளேடு தேயாமல் நெடுநாள் உழைப்பதைவிட, ஒரு வெடிப்பில் நொறுங்காமல் நிற்பது முதன்மை. கடினத்தை விட்டுக்கொடுத்து முறியாமையை வாங்க வேண்டிய இடம் அது. வேலைதான் உலோகத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று எனக்குத் தெரியவில்லை.

நல்ல பல் விலை கூடியது, வண்டி வாடகையோ மணிக்கணக்கில், தேய்மானத்தை யார் தாங்குவது என்ற கேள்வியை உரிமையாளர்கள் எழுப்புவார்கள். அது நேர்மையான கேள்வி. ஆனால் பல்லின் விலையைப் பல்லின் விலையோடு ஒப்பிடுவது போதாது. மழுங்கிய பல்லால் மணிக்கு வாரும் மண் குறைகிறது. பல் தீர்ந்தபின்னும் ஓட்டினால் பல்லைப் பிடித்திருக்கும் அடாப்டர் தேய்கிறது, அதற்கும் பின்னே பக்கெட்டின் தகடே தேய்கிறது. இருபுறமும் சாய்வு கொண்ட வெட்டுப்பட்டையை நேரத்தில் கழற்றித் திருப்பி மாட்டினால் இரண்டாவது ஆயுள் செலவில்லாமல் கிடைக்கிறது. அதைச் செய்யாமல் விடும் வண்டிகள் ஏராளம்.

இந்தத் தேர்வுகளுக்கு இன்று உலகெங்கும் ஆதாரமாக நிற்பது ஏ.எஸ்.டி.எம். ஜி 65 என்ற சோதனை. சுழலும் ரப்பர் சக்கரத்துக்கும் மாதிரித் துண்டுக்கும் நடுவே உலர்ந்த மணலை ஓடவிட்டு எடையிழப்பை அளப்பது அது. அதற்கு விதிக்கப்பட்ட மணல் அமெரிக்காவின் ஒட்டாவாவில் எடுக்கப்படும் உருண்ட குவார்ட்ஸ். அந்தத் தரவரிசை கூர்முனை எம்-சாண்டுக்கோ, ஈரச் சவுடுக்கோ, கூழாங்கல் மோதும் சரளைக்கோ அப்படியே பொருந்தும் என்று கொள்ள இடமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்பு, ஃபோர்ஜிங், வெப்பப் பதம் மூன்றுக்கும் பட்டறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஏரிச் சவுடு, செம்புரைச் சரளை, எம்-சாண்ட் ஆகிய மூன்றிலும் ஒரே தொகுதிப் பற்களைத் தனித்தனியே ஓட்டி, மாட்டும்போதும் 100 மணி கழித்துக் கழற்றும்போதும் எடை பார்ப்பதற்கு ஒரு தராசும் எந்திரத்தில் ஏற்கனவே இருக்கும் மணிமானியும் போதும். பல்லை அறுத்து உள்ளே எத்தனை மில்லிமீட்டர்வரை பதம் இறங்கியிருக்கிறது என்று சேர்த்து அளந்தால், 500 பிரினெல் என்று பெட்டியில் அச்சிட்ட எண் முனையில் மட்டுமா, முழுப் பல்லுக்குமா என்பதும் வெளிப்படும்.