ஒகினாவா நீடுவாழ்வு

ஒகினாவா நீடுவாழ்வு என்பது ஜப்பானின் தென்கோடி மாநிலமான ஒகினாவாவின் மக்களிடம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காணப்பட்ட நீண்ட ஆயுளையும், தொண்ணூறு வயதிலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் உடல்நலத்தையும், அவற்றுக்குக் காரணமாகச் சொல்லப்படும் வாழ்க்கைமுறையையும் குறிக்கும். 1985-ஆம் ஆண்டுக் கணக்கில் ஜப்பானின் 47 மாநிலங்களிலும் ஒகினாவா ஆண்களுக்கும் பெண்களுக்கும்தான் சராசரி ஆயுள் அதிகம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் அதே மாநிலத்தின் ஆண்கள் 43-ஆம் இடத்திலும் பெண்கள் 16-ஆம் இடத்திலும் இருந்தார்கள். முதல் செய்தி பல மொழிகளில் புத்தகமாகவும் ஆவணப்படமாகவும் உலகைச் சுற்றியது. இரண்டாவது அந்தத் தீவைத் தாண்டி அதிகம் பேசப்படவில்லை. முதுமை நலத்தைப் பற்றி ஒகினாவா சொல்லித்தருவதில் பாதி அந்த இரண்டாவது செய்தியில்தான் இருக்கிறது.

ஒகினாவா 1879 வரை ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்தது. சீனாவோடும் தென்கிழக்கு ஆசியாவோடும் கடல் வணிகம் செய்து வாழ்ந்த சிற்றரசு அது. 1945 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நடந்த போரில் தீவின் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தார். பிறகு 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சி. ஜப்பானிலேயே தலைக்கு வருமானம் மிகக் குறைவான மாநிலங்களில் ஒன்றாகவே இன்றும் இது தொடர்கிறது. நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ஊர் வளமான ஊராக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கதைக்குள் நுழைபவர் முதல் அடியிலேயே தடுக்கி விழுவார்.

கிழங்கும் பாகற்காயும்

புயல் அடிக்கடி வரும் தீவு; நெல் நம்பிக்கையான பயிர் அன்று. 1605-இல் நொகுனி சோகான் என்பவர் சீனாவின் ஃபூஜியான் பகுதியிலிருந்து சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்தார். மண்ணுக்கடியில் விளைவதால் காற்று அதைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பின்னர் ரியூக்யூவை அடக்கியாண்ட சத்சுமா பகுதிக்கு அது போனது. அங்கிருந்து ஜப்பான் முழுக்கப் பரவியதால் மற்ற ஜப்பானியர் இன்றும் அதைச் சத்சுமாக் கிழங்கு என்கிறார்கள். கொண்டுவந்த தீவின் பெயர் அதில் ஒட்டவில்லை.

ஒகினாவா ஏழைகளுக்கு அந்தக் கிழங்குதான் சோறு. 1949-இல் எடுத்த உணவுக் கணக்கெடுப்பின்படி ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 849 கிராம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு தின்றார். உடலுக்குக் கிடைத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அதிலிருந்தே வந்தது. மொத்த ஆற்றல் 1,800 கலோரிக்குச் சற்றுக் கீழே. கொழுப்பு அதில் 6 விழுக்காடு மட்டுமே. இறைச்சி, மீன், முட்டை எல்லாம் தொட்டுக்கொள்ளும் அளவுதான். ஒகினாவா உணவு என்று இன்று விற்கப்படும் புத்தகங்களின் அடித்தளம் இந்தக் கணக்கெடுப்பே. போர் முடிந்து நான்கே ஆண்டுகளில், வயல்கள் சிதைந்து, நிவாரண மாவையும் நம்பிக்கொண்டிருந்த மக்களிடம் எடுக்கப்பட்ட கணக்கு அது என்பதை அந்தப் புத்தகங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. போருக்கு முன்பும் கிழங்கே முதன்மை உணவு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்தத் தட்டில் இருந்தது விருப்பத்தால் வந்த அளவா, இல்லாமையால் வந்த அளவா என்பது கேட்கவேண்டிய கேள்வி.

கிழங்கோடு சேர்ந்தவை சோயா அவரையில் செய்த கெட்டியான தீவுத் தோஃபு, கடற்பாசி, கீரைகள், மஞ்சள், பிறகு கோயா. கோயா என்பது நம் பாகற்காய்தான். அதை முட்டையும் தோஃபுவும் போட்டு வதக்குவது கோயா சாம்புரு. கோன்பு என்ற கடற்பாசி ஒகினாவாவில் விளைவதே இல்லை. வடக்கே ஹொக்கைடோவின் குளிர்கடலில் வளர்வது, பழைய வணிக வழியில் தெற்கே வந்து அன்றாடச் சமையலில் இடம்பிடித்தது. பன்றி இறைச்சி பண்டிகைக்கு உரியதாக இருந்தது. பன்றியின் உறுமலைத் தவிர எதையும் வீணாக்குவதில்லை என்பது அங்கே வழங்கும் பேச்சு. நெடுநேரம் வேகவைத்து மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிடுவது பழைய பக்குவம்.

அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உப்பு. வட ஜப்பானில் குளிர்காலம் நீளம். அந்த மாதங்களை ஓட்ட ஊறுகாயும், சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் மிசோவும் உப்பில் கிடக்கும். பக்கவாதம் அங்கே பெரும் எமனாக இருந்தது. வெப்பமான ஒகினாவாவில் ஆண்டு முழுக்கக் காய்கறி கிடைப்பதால் உப்பிலிடும் தேவை குறைவு. நாட்டிலேயே உப்புக் குறைவாகச் சாப்பிட்ட மாநிலங்களில் ஒன்றாக அது இருந்ததற்கு வானிலையும் ஒரு காரணம். யாரும் மருத்துவர் சொல்லிக் குறைத்ததன்று.

‘ஹரா ஹாச்சி பூ’ என்பது வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும் என்ற வழக்கம். ஒகினாவாவின் தனிச்சொத்தாக இது விளம்பரம் பெற்றுவிட்டது. அளவாக உண்ணும் இந்த அறிவுரை ஜப்பான் முழுமைக்கும் பொதுவானது. கைபாரா எக்கென் என்ற அறிஞர் 1713-இல், எண்பது வயதைக் கடந்தபின் எழுதிய ‘யோஜோகுன்’ என்ற உடல்நல நூல் அதை வற்புறுத்துகிறது.

மோஆய்

மோஆய் என்பது ஏறத்தாழ நம் ஊர்ச் சீட்டு. ஒரு குழுவினர் மாதந்தோறும் கூடி ஆளுக்கு ஒரு தொகை போட, திரண்ட பணத்தை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்கிறார். வங்கி எட்டாத காலத்தில் வீடு கட்டவும், சாவுச் செலவுக்கும், பிள்ளையைப் படிக்கவைக்கவும் இது உதவியது. இன்று பணம் பெயருக்குத்தான், கூடுவதே நோக்கம். பள்ளித் தோழிகள் எண்பது வயது வரை ஒரே மோஆயில் இருப்பது அங்கே புதுமையன்று. ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தனித்து வாழும் முதியவருக்கு இந்தத் தட்டலின் மதிப்பை எந்த ஆய்வுக்கூட அளவையாலும் எளிதில் பிடிக்கமுடியாது. கரும்பு வெட்டுக்கும் கூரை போடுவதற்கும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் வழக்கத்துக்கு யூய்மாரு என்று பெயர்.

முதியவருக்குச் சடங்கிலும் இடம் உண்டு. பழைய முறைப்படி எண்ணி 97 வயதாகும்போது கஜிமாயா என்ற விழா எடுப்பார்கள். முதுமையில் மனிதர் மீண்டும் குழந்தையாகிறார் என்ற நினைப்பில் கையில் காற்றாடி கொடுத்து, திறந்த வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். தொட்டால் அந்த ஆயுள் தமக்கும் ஒட்டும் என்று வழியில் நிற்பவர்கள் அவர் கையைப் பிடிக்கிறார்கள்.

ஒகினாவா மொழியில் ஓய்வு பெறுதலுக்குச் சொல்லே இல்லை என்று மேடைகளில் சொல்வதுண்டு. கேட்க இனிக்கிறது. ஒகினாவாக்காரர்கள் அன்றாடம் பேசும் ஜப்பானியத்தில் ‘தெய்னென்’ என்ற சொல் இருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் குறித்த வயதில் ஓய்வும் பெறுகிறார்கள். வயலும் தறியும் வைத்திருப்பவருக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை என்பதே சரி.

ஆய்வும் புகழும்

இதய மருத்துவர் மகோதோ சுசுகி 1975-இல் தொடங்கியது ஒகினாவா நூற்றாண்டினர் ஆய்வு. பின்னர் பிராட்லி வில்காக்ஸ், கிரெய்க் வில்காக்ஸ் என்ற கனடா நாட்டு இரட்டையர் அதில் சேர்ந்தார்கள். 2001-இல் மூவரும் சேர்ந்து எழுதிய நூல் ஒகினாவாவை மேலை நாடுகளின் சமையலறைக்குக் கொண்டுபோனது. நூறைத் தொட்டவர்களில் பலர் தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை பிறர் துணையின்றி வாழ்ந்தவர்கள் என்பது அந்த ஆய்வு கண்ட முக்கியமான செய்தி. 2005 நவம்பரில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டைக் கட்டுரையில் டான் பியூட்னர் ஒகினாவாவையும் இத்தாலியின் சார்டீனியாவையும் அமெரிக்காவின் லோமா லிண்டாவையும் சேர்த்து எழுதினார். ‘நீல மண்டலம்’ என்ற பெயர் அதற்கு முன் சார்டீனியா ஆய்வாளர்கள் வரைபடத்தில் நீல மையால் வட்டமிட்டதிலிருந்து வந்தது.

வயதுக் கணக்கின் மேலேயே ஐயம் கொண்டவர்களும் உண்டு. ஜப்பானில் பிறப்பும் இறப்பும் கோசெகி என்ற குடும்பப் பதிவேட்டில் ஏறும். ஒகினாவாவின் பதிவேடுகளில் பெரும்பகுதி போரில் எரிந்துபோய், பிறகு நினைவிலிருந்தும் சாட்சியிலிருந்தும் திரும்ப எழுதப்பட்டவை. 2010-இல் டோக்கியோவில் நூற்றுப் பதினொரு வயதுக்காரராகக் கணக்கில் இருந்த ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்து வீட்டுக்குள் கிடந்தது வெளிவந்தது. அதையடுத்து நாடு முழுக்கத் தேடியதில், இருக்கும் இடம் தெரியாமல் பதிவேட்டில் மட்டும் வாழும் நூறு வயதினர் 2,30,000 பேருக்கு மேல் தேறினார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் சால் நியூமன் இத்தகைய பிழைகளைக் கொண்டு நீல மண்டலங்களை முழுமையாகக் கேள்விக்குள்ளாக்கி, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசை 2024-இல் பெற்றார். ஒகினாவா ஆய்வாளர்கள் தாங்கள் வயதைப் பல வழிகளில் சரிபார்த்ததாகச் சொல்கிறார்கள். நூறைத் தாண்டியவர்களின் தலைக்கணக்கை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் சராசரி ஆயுள் என்பது எல்லா வயதிலும் நேரும் இறப்பைக் கொண்டு போடும் கணக்கு. கிழவர் சிலரின் பொய்வயது அதை அவ்வளவாக அசைக்காது.

26-ஆம் இடம்

வீழ்ச்சி ஆண்களிடம் தொடங்கியது. 1990-இல் ஐந்தாம் இடம், 1995-இல் நான்காம் இடம். போர் முடிந்து ஐம்பதாண்டு நிறைந்த அந்த 1995-இல்தான் மாநில அரசு ஒகினாவாவை உலக நீடுவாழ்வுப் பகுதி என்று அறிவித்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கு வந்தபோது ஆண்கள் 26-ஆம் இடம். அதிர்ச்சிக்கே ‘26 ஷாக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண்களின் முதலிடம் 2010-இல் போனது.

செத்தவர்கள் கிழவர்கள் அல்லர். போருக்கு முன் பிறந்து கிழங்கு தின்று வளர்ந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்க ஆட்சிக்காலத்தில் பிறந்த அவர்கள் பிள்ளைகள், குறிப்பாக ஆண்கள், வேலை பார்க்கும் வயதிலேயே விழுந்தார்கள். ஈரல் நோய், நீரிழிவு, இதய நோய். பெற்றவருக்கு முன் பிள்ளை இறப்பதைக் குறிக்க ஜப்பானியத்தில் ‘சகாசா-போதோகே’, அதாவது தலைகீழாகிப்போன சாவு, என்ற சொல் உண்டு. ஒகினாவாவைப் பற்றிய பேச்சில் அந்தச் சொல் அடிபடத் தொடங்கியது.

காரணம் தெருவிலேயே தெரியும். ஜப்பானில் உள்ள அமெரிக்கப் படைத்தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு, நாட்டின் நிலத்தில் 0.6 விழுக்காடே உள்ள இந்த மாநிலத்தில் இருக்கிறது. தளங்களோடு டப்பாப் பன்றி இறைச்சி வந்தது. கோயா சாம்புருவுக்குள்ளும் புகுந்தது. ‘ஏ அண்ட் டபிள்யூ’ பர்கர் கடை 1963-இல் ஒகினாவாவில் திறந்தது. டோக்கியோவின் கின்சாவில் மெக்டொனால்ட்ஸ் திறந்தது 1971-இல்தான். போருக்கு முன் இருந்த சிறு ரயில்பாதை 1945-இல் அழிந்தபின், 2003-இல் தலைநகர் நாஹாவில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடும்வரை தீவில் ரயிலே இல்லை. ஆகவே பக்கத்துக் கடைக்கும் கார். வயலுக்கு நடந்த தலைமுறைக்கும் காரில் பர்கர் வாங்கிய தலைமுறைக்கும் மரபணு ஒன்றே. பாட்டியின் ஆயுளுக்கு மரபணுவே முழுக் காரணம் என்று வாதிடுவோருக்குப் பேரன் எதிர்ச்சாட்சி. பாட்டியும் ஆயுளுக்காகக் கிழங்கைத் தேர்ந்தெடுத்தவள் அல்லள். வேறு வழி வந்ததும் தீவே கிழங்கைக் கைவிட்டது.

திட்டமிட்டு ஆயுளைக் கூட்டிய இடம் ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் மலைநாடான நாகானோவுக்குப் போகவேண்டும். உப்பு ஊறுகாயும் பக்கவாதமும் மலிந்த மாநிலம் அது. சாக்கு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வகாத்சுகி தொஷிகாசு 1945 முதல் ஊர் ஊராகப் போய், மருத்துவம் பார்த்ததோடு நாடகமும் எழுதி, செவிலியரையும் மருத்துவரையும் நடிக்கவைத்து உழவர்களுக்கு உடல்நலம் சொன்னார். 1959-இல் யாச்சிஹோ என்ற ஊரில் அனைவருக்கும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனை தொடங்கியது. ஊர்ப் பெண்கள் முறைவைத்து நலத் தொண்டர்களாகி, வீடு வீடாக மிசோ சாற்றின் உப்பைச் சோதித்தார்கள். 1976-இல் வகாத்சுகிக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1990-இல் நாகானோ ஆண்கள் நாட்டில் முதலிடம். 2010-இல் ஒகினாவாப் பெண்களின் முதலிடத்தை எடுத்துக்கொண்டவர்களும் நாகானோப் பெண்களே. வகாத்சுகி 96 வயது வாழ்ந்தார்.

நாட்களின் தரம்

ஆயுள் நீண்டால் படுக்கையில் கிடக்கும் நாளும் நீளுமா என்பது முதுமையியலின் பழைய கேள்வி. நோய்க்காலத்தை வாழ்வின் கடைசிச் சிறு பகுதிக்குள் சுருக்கமுடியும் என்று அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஃபிரைஸ் 1980-இல் எழுதினார். முடக்கமின்றி வாழும் காலத்தை ஜப்பான் அரசு ‘ஆரோக்கிய ஆயுள்’ என்று தனியாகக் கணக்கிடுகிறது. 2019-இல் ஆண்களின் சராசரி ஆயுள் 81.41, ஆரோக்கிய ஆயுள் 72.68. பெண்களுக்கு 87.45, 75.38. பெண் அதிக நாள் வாழ்கிறாள். அதில் பன்னிரண்டு ஆண்டு ஏதாவதொரு முடக்கத்தோடு வாழ்கிறாள்.

முதிய நாட்களைக் கைவேலையோடு கழிப்பதற்கு ஒகினாவாவின் வடபகுதியில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே ஓகிமி என்ற சிற்றூர் 1993-இல் தன்னை நீடுவாழ்வில் ஜப்பானின் முதலிடத்து ஊராக அறிவித்துக்கொண்டு கல்வெட்டும் வைத்தது. அதன் கிஜோகா பகுதி பாஷோபு என்ற வாழைநார்த் துணிக்குப் பெயர்பெற்றது. போரால் அழியும் நிலைக்கு வந்த அந்த நெசவை மீட்டவர் தாயிரா தொஷிகோ. 2000-இல் அரசு அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது. 2022-இல் 101 வயதில் இறந்தார். ஒரு கிமோனோவுக்கான துணிக்கு ஏறத்தாழ 200 வாழைகளின் நார் வேண்டும். நாரைப் பிரித்து முனையோடு முனை முடிந்து நூலாக்குவது பொறுமையும் நேரமும் கேட்கும் வேலை. தறியில் உட்காரமுடியாத வயதில் பாட்டிகள் வீட்டுத் திண்ணையில் செய்துவந்தது அதுதான். இன்று நெய்யக் கற்க இளையவர்கள் வருகிறார்கள். நூல் முடியத்தான் ஆள் போதவில்லை.