கதை பிறந்த கதை – 12: பாதியில் நின்ற மகுடம்

டாரனுக்கு முடிசூட்டும் நேரம் வந்துவிட்டது என்று எழுதியவர் நினைத்தார். பதிப்பாசிரியர் ஆன் டுரெல் அப்படி நினைக்கவில்லை. அந்த இடத்தில்தான் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

நான்கே நாவல்களில் பிரிடைன் கதைக்கு மங்களம் பாடிவிடுவது லாய்ட் அலெக்சாண்டரின் திட்டம். கடைசிப் புத்தகத்தின் வரைவும் தயார். அதைப் படித்த டுரெல், மூன்றாவதுக்கும் இதற்கும் நடுவே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றார். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பி இன்னொரு நாவல் எழுது என்றால் எந்த எழுத்தாளருக்கும் எரிச்சல்தான் வரும். அலெக்சாண்டர் எழுதினார்.

அதுதான் 1967இல் வந்த 'டாரன் வாண்டரர்'. தாய் தகப்பன் தெரியாத டாரன் ஒரு உதவிப் பன்றிக்காவலன். இளவரசி எய்லான்வியின் கையைக் கேட்க வேண்டும். அதற்கு முன் தன் பிறப்பு உயர்ந்ததுதானா என்று தெரிய வேண்டும். தேடிப் போனவனுக்குக் கிடைத்தவை உலைக்களமும் தறியும் குயவர் சக்கரமும். கொல்லரிடம் சம்மட்டி பிடித்தான், கிழவியிடம் நெய்யக் கற்றான். மண் வேலை மட்டும் அவனுக்கு உயிராகப் பிடித்துப்போயிற்று. ஆனால் குயவரின் கைத்திறன் தனக்கு ஒருநாளும் வாய்க்காது என்று அங்கேதான் தெரிந்துகொள்கிறான்.

அடுத்த வருஷம், 1968இல், 'தி ஹை கிங்'. மரணத்தின் அதிபதி அரான் படையெடுக்கிறான். கிராமங்களுக்குப் போய் ஆள் திரட்டி வா என்று டாரனை அனுப்புகிறார் இளவரசர் க்விடியன். அரச முத்திரையைப் பார்த்து மயங்கும் ஜனங்கள் இல்லை அவர்கள். இருந்தும் வருகிறார்கள், தங்களோடு சேர்ந்து வேர்வை சிந்தியவன் கூப்பிடுகிறான் என்பதால் வருகிறார்கள். முன்னே பறக்கும் கொடியில் எய்லான்வி தைத்திருப்பது சிங்கமோ கழுகோ அல்ல, ஒரு வெள்ளைப் பன்றி! என்னைக் கேட்டால், அலெக்சாண்டரின் கெட்டிக்காரத்தனம் கடைசிப் போரைவிட இந்த அத்தியாயங்களில்தான் இருக்கிறது. டுரெல் தடுத்திருக்காவிட்டால் இந்தக் கிராமத்தார் கூப்பிட்டதும் ஓடிவரும் வெறும் கூட்டமாகத்தான் இருந்திருப்பார்கள்.

போரில் அரான் மாள்கிறான். வென்றவர்கள் சாவே இல்லாத கோடை நாட்டுக்குக் கப்பலேறத் தயாராகிறார்கள். டாரனுக்கும் இடம் உண்டு, எய்லான்வியும் உண்டு. முதல் புத்தகத்துப் பையனாக இருந்தால் கப்பலில் முதல் ஆளாய்க் குதித்திருப்பான். இவன் வரவில்லை என்கிறான்.

காரணங்களில் ஒன்று, ஒரு மதில். மோனா தீவின் அசட்டு அரசன் ரூன் கடலோரத்தில் சுவர் எழுப்பினான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு முனைகளிலிருந்தும் கட்டச் சொன்னான். நடுவில் சேர வேண்டிய இடம் கோணிக்கொண்டு நின்றது. அந்த ரூன் போரில் இறந்துவிட்டான். சுவரை முடித்துத் தருவதாக டாரன் வாக்குக் கொடுத்திருக்கிறான். குயவர் ஊர் எரிந்து கிடக்கிறது, அதையும் எடுத்துக் கட்ட வேண்டும். சாகாவரத்தை விட்டுவிட்டு இந்த வேலைகளுக்காக நின்றவன்தான் பேரரசன் என்று அதன் பிறகே தெரியவருகிறது. பிறப்பு? அது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

1969இல் நியூபெரி பதக்கம் வந்தது. எல்லாம் சுபம் என்றிருந்த நேரத்தில், 1970களின் தொடக்கத்தில், டிஸ்னி நிறுவனம் ஐந்து புத்தகங்களின் படவுரிமையையும் வாங்கியது. வருஷக்கணக்கில் வரைந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் முதல் இரண்டு புத்தகங்களை. தறியும் இல்லை, குயவர் சக்கரமும் இல்லை.

1984. ஸ்டுடியோவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற ஜெஃப்ரி கேட்சன்பெர்க் படத்தைப் பார்த்தார். வெட்டுங்கள் என்றார். அனிமேஷன் படத்தை அப்படி வெட்ட முடியாது என்றார் தயாரிப்பாளர் ஜோ ஹேல். கேட்சன்பெர்க் படத்தை எடிட்டிங் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார்; தானே வெட்டத் தொடங்கினார்...

(தொடரும்)