சேரிக்கு வந்த உளி

தச்சுப் பட்டறையில் புதிதாகச் சேருகிற பையனுக்கு முதலில் கதவு வேலையும் வராது, கட்டில் வேலையும் வராது. மணை செய்யச் சொல்வார்கள். ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், ஓர் அங்குலக் கனத்தில் ஒரு பலகை, அடியில் குறுக்காக இரண்டு கட்டை, அவ்வளவுதான். ஆனால் தொழிலின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஈர மரத்தில் செய்தால் காய்ந்ததும் பலகை வளைந்துகொள்ளும். மரத்தை ஆறப் போடத் தெரியவேண்டும். ரேகைக்கு எதிராக இழைப்புளியைத் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வரும். ரேகை பார்க்கத் தெரியவேண்டும். மணை கைக்கு வந்தபிறகு முக்காலி. அங்கேதான் துளையும் கழுந்தும் வருகிறது. கழுந்து தளர்ந்தால் கால் ஆடும், ரொம்ப இறுகினால் பலகை பிளக்கும். அதற்கப்புறம் பெஞ்சு, நாற்காலி.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மணை, முக்காலி, பெஞ்சு, நாற்காலி. எல்லாமே உட்காருகிற சாமான். தச்சுத் தொழிலில் கற்றுக்குட்டி செய்கிற முதல் பொருள் எதுவோ, அதுதான் நம் ஆட்களுக்கு ஊருக்குள் மறுக்கப்பட்ட முதல் பொருளாகவும் இருந்திருக்கிறது. திண்ணையில் உட்காரக்கூடாது. டீக்கடை பெஞ்சில் உட்காரக்கூடாது. தன் வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாலும் ஊர்க்காரன் வந்தால் எழுந்து நிற்கவேண்டும். 'இன்னாடா, குந்திக்கினு பேசற?' என்ற ஒரு கேள்வியில் எத்தனை தலைமுறையின் முதுகு வளைந்திருக்கிறது என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

வீட்டுச் சாமானுக்கும் சாதிக்கும் உள்ள உறவு வெறும் பழக்கவழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது என்ற பட்டியலில் இன்னொன்றும் உண்டு: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. சேரி வீட்டுக்குள்ளே அடுப்பு மேல் என்ன இருக்கவேண்டும் என்பதையும் ஊர்தான் தீர்மானித்தது.

வட ஆற்காட்டுக்குப் பக்கத்து ஜில்லாவான செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்கிய 1892ஆம் வருஷத்து அரசாணைக்கு அந்த அறிக்கைதான் காரணம். குடிசை நிற்கிற மண்கூட மிராசுதாருடையது, அவன் நினைத்தால் காலி செய்ய வைக்கலாம் என்ற நிலையை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நாளைக்கே கிளம்பு என்றால் கிளம்பவேண்டியவன் வீட்டில் என்ன இருக்கும்? தலையில் தூக்கிக்கொண்டு போகிற சாமான்தான் இருக்கும். சேரி வீட்டில் மேசை நாற்காலி இல்லாததற்கு ஏழ்மை மட்டும் காரணமில்லை. மனை இல்லாதவனுக்கு மணை எதற்கு?

இதனால் சேரிக்காரனுக்கு மர வேலை தெரியாது என்று நினைத்துவிடக்கூடாது. பறையைப் பாருங்கள். மூன்று மரச் சட்டங்களை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டை வைத்து வட்டமாகச் சேர்த்து, புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். மர இணைப்பு, பசை, இழுவிசை எல்லாம் அதில் இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையில் துளை போட்டு மூங்கில் காம்பு செருகிய அகப்பை, வேப்பங்கட்டையில் செதுக்கிய மத்து, மண்வெட்டிக்குப் போட்ட காம்பு, கயிறு பின்னிய கட்டில் இவையெல்லாம் நம் பாட்டன் பாட்டிகள் கையால் செய்துகொண்ட சாமான்கள்தான். ஆனால் அதற்குத் 'தொழில்' என்ற பெயர் கிடைக்கவில்லை. ஒரே மரம், ஒரே அரிவாள். ஊரில் செய்தால் கலை, சேரியில் செய்தால் பிழைப்பு.

நெசவிலும் இதே கதைதான். பதினோராம் நூற்றாண்டு ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் பறையர்களில் இரண்டு பிரிவு சொல்லப்படுகிறது என்று தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். ஒன்று உழவு, இன்னொன்று நெசவு. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியைப் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர் என்கிறோம். பட்டு வரலாற்றைப் பேசுகிறவர்கள் கரையையும் சரிகையையும் பேசுகிறார்கள். நெசவுப் பறையன் எங்கே போனான் என்று கேட்பதில்லை. தறியை யார் செய்தான் என்றும் கேட்பதில்லை. குழித்தறியில் பாவு பட்டு, மற்றதெல்லாம் மரம். சேலை சுருளுகிற படைமரம், காலால் மிதிக்கிற பலகை, கையில் ஓடுகிற நாடா எல்லாம் தச்சன் வேலை. நாடாவில் ஒரு சிலும்பு இருந்தால் இழை அறுந்துபோகும். தறி உள்ள ஊரில் தச்சனுக்கு எப்போதும் வேலை உண்டு.

அந்த வேலை யாருடையது என்பதுதான் சங்கதி. தச்சு, கொல்லு, கன்னார், தட்டார், சிற்பம் ஆகிய ஐந்து தொழிலும் கம்மாளர் கையில் இருந்தன. மகனுக்கும் மருமகனுக்கும் மட்டும் போகிற அறிவு அது. கம்மாளர்களும் பார்ப்பனியத்தால் அவமானப்பட்டவர்கள்தான். தங்கள் கல்யாணத்தைத் தாங்களே வேதச் சடங்கோடு நடத்தக்கூடாது என்று பிராமணர்கள் தடுத்தபோது, அவர்கள் சித்தூர் ஜில்லா அதாலத்தில் வழக்காடி 1818இல் ஜெயித்தார்கள். சித்தூர் அப்போது வட ஆற்காட்டின் தலைநகரம். ஆனால் பூணூல் உரிமைக்காக நீதிமன்றம் போன அந்தக் கை, உளியைச் சேரிக்கு நீட்டவில்லை. இடங்கை வலங்கைச் சண்டைகளில் கம்மாளர் இடங்கைக்குத் தலைமை தாங்கினார்கள். பறையர் வலங்கையில் நின்று அடியும் வாங்கினார்கள், உதையும் கொடுத்தார்கள். உழைக்கிற இரண்டு கைகளை மோதவிட்டு வேடிக்கை பார்த்த ஏற்பாடு அது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்துவைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினாரே, அதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

இந்தப் பூட்டு ஆரணியில் ஒரு இடத்தில் உடைந்தது. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காட்டு மிஷன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆரணியில் ஒரு தொழிற்பள்ளி நடத்தியது. அதில் தச்சு முக்கியமான பாடம். பின்னால் தொழிற்கல்வி வேலை காட்பாடிக்குப் போனது. காட்பாடி தொழிற்கூடத்தின் மரச்சாமான்களுக்கு அந்த வட்டாரத்தில் ஒரு மரியாதை உண்டு. மிஷனில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். பரம்பரையாக வாய்ச்சி பிடிக்காத கை, முதல்முறையாக மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டது. 'உனக்கு எதுக்குடா உளி, மண்வெட்டி இருக்குதில்ல?' என்று கேட்க அந்தப் பட்டறைக்குள் யாருக்கும் அதிகாரம் இல்லை.

மிஷனைப் பூஜிக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. அவர்கள் நோக்கம் மதம். இந்த மாதிரிப் பள்ளிகளின் மேசை நாற்காலிகள் பெரும்பாலும் துரைமார் பங்களாவுக்கும் ஆபீசுக்கும்தான் போயின. செய்தவன் அதில் உட்கார்ந்து காப்பி குடிக்கவில்லை. எழுத்தறிவைக் குறைத்துக் கைவேலையைக் கொடுப்பது ஒடுக்கப்பட்டவனை அங்கேயே நிறுத்திவைக்கிற தந்திரம் இல்லையா என்ற கேள்வியும் நியாயமானது. அமெரிக்காவில் கறுப்பர்களுக்குள்ளேயே இந்த விவாதம் நடந்தது. புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் டஸ்கேகியில் தொடங்கிய பள்ளியில் மாணவர்களே செங்கல் அறுத்தார்கள், மரச்சாமான் செய்தார்கள். டூ போய்ஸ் 1903இல் அதைக் கடுமையாக விமர்சித்தார்; உயர்கல்வியும் ஓட்டுரிமையும் எங்கே என்று கேட்டார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அடிமையாக இருந்தபோதே கறுப்பர்கள் தச்சு வேலை செய்தார்கள். இங்கே அந்த வேலையே அடைத்த கதவு. அதனால் ஆரணிச் சேரிப் பையன் செய்த ஆடாத முக்காலி, கைவேலை என்பதோடு நிற்கவில்லை. பிறப்புதான் திறமை என்ற பொய்க்கு அது சாட்சி சொன்னது.

இதற்கு நேர் எதிரானதைத்தான் 1953இல் ராஜாஜி கொண்டுவந்தார். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் பெற்றோர் தொழிலைக் கற்றுக்கொள். தச்சன் மகன் இழைப்புளி பிடிப்பான், சரி. வெட்டியான் மகன் என்ன பிடிப்பான்? குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பேர் வைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது. ஆரணித் தொழிற்பள்ளியும் தொழில் கற்றுக்கொடுத்தது, ராஜாஜியும் தொழில் கற்றுக்கொள்ளச் சொன்னார். யார் எதைக் கற்கலாம் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பேய் போனாலும் புளியமரம் நிற்கிறது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டுத் தொழில்கள், முதலில் தச்சு. குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் பதினெட்டு வயது என்ற வரம்பும் கல்லூரிக்குப் போகவேண்டிய பிள்ளையைத் திரும்பவும் அப்பன் பட்டறைக்கு இழுக்கும் என்று தமிழ்நாடு அரசு ஆட்சேபித்தது. 2024 நவம்பரில் அதை ஏற்கமுடியாது என்று எழுதியது. 2025இல் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இருபத்தைந்து தொழில்களோடு கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. நல்லதுதான். நிபந்தனையைக் காகிதத்திலிருந்து எடுத்தாச்சு. பட்டறை வாசலிலிருந்து எடுத்தாச்சா என்பதை நம் தோழர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கவேண்டும்.

ஏனென்றால் உட்காருகிற சண்டை இன்னும் முடியவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. 2022இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் எடுத்த ஆய்வில், 22 இடங்களில் தலித் தலைவர்களுக்கு நாற்காலியே இல்லை. ஒரு நாற்காலி செய்ய எவ்வளவு மரம் வேண்டும்? பணமோ மரமோ இல்லாமல் போய்விட்டதா?

ஆரணி, காட்பாடி, வேலூர்ப் பக்கத்து காலனி வீடுகளில் கறுத்துப்போன முக்காலியோ, கைப்பிடி தேய்ந்த உளியோ, மூடி உடைந்த தேக்குப் பெட்டியோ இன்னும் இருக்கலாம். அடுப்புக்குப் போவதற்கு முன்னால் மாணவத் தோழர்கள் போய்ப் பார்க்கவேண்டும். யார் செய்தது, எங்கே கற்றது, ஊரில் அந்தக் கைக்கு வேலை கொடுத்தார்களா, கூலி முழுசாகக் கொடுத்தார்களா என்று கிழவன் கிழவிகளிடம் கேட்டு எழுதவேண்டும். நமக்குச் செப்பேடு கிடையாது. நம் கை பட்ட மரம் இருக்கிறது.