ரசிகன் பேனா எடுத்தால்

கதை படிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. படித்து முடித்ததும் "பேஷான கதை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பத்திரிகையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறவர்கள் ஒரு ரகம். விளக்கை அணைத்த பிறகும் கண்ணை மூட முடியாமல், "அந்தக் கதாநாயகன் கப்பலைவிட்டு இறங்காமலே இருந்திருந்தால்?" என்று புரண்டுகொண்டிருப்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தார் கொடுக்கும் காசில்தான் பத்திரிகைகள் நடக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கு எழுதப் போகிறவர்களும் படம் போடப் போகிறவர்களும் பெரும்பாலும் இரண்டாவது ரகத்திலிருந்துதான் வருகிறார்கள். அப்படி வந்த சில இளைஞர்களின் சரித்திரத்தையும், அவர்களுடைய உற்சாகத்துக்கு உலகம் கொடுத்த விலையையும் இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

1926-ஆம் வருஷம் ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்று ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஏற்பட்ட முதல் ஆங்கிலப் பத்திரிகை அது. காகிதம் மட்டம், அட்டைப்படமோ கண்ணைப் பறிக்கும். கதைகளைப் பற்றிப் பண்டிதர்கள் என்ன நினைத்தார்களோ, அது வேறு விஷயம். கெர்ன்ஸ்பாக் வெகு சாதாரணமாகச் செய்த ஒரு காரியந்தான் நமக்கு முக்கியம். வாசகர் கடிதங்களைப் பிரசுரித்தபோது, எழுதியவரின் பெயரோடு விலாசத்தையும் சேர்த்து அச்சிட்டார். அவ்வளவுதான்! அதுவரையில் தன்னைப் போல் ஒரு பைத்தியம் உலகத்தில் வேறு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்கள், மற்ற ஊர்ப் பைத்தியங்களுக்கு நேரே கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். கடிதங்கள் சங்கங்களாயின. சங்கங்கள் பத்திரிகை போட்டன. 1930 மே மாதம் சிகாகோவிலிருந்து வெளிவந்த 'தி காமெட்' என்ற பத்திரிகையை இந்த வகையில் முதலாவதாகச் சொல்வார்கள்.

பத்திரிகை என்றதும் அச்சுக்கூடத்தையும் ரோட்டரி யந்திரத்தையும் நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் டைப் அடித்த ஸ்டென்ஸிலிலிருந்து பிரதி எடுத்தார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் ஒரு தட்டில் ஜெலட்டின் பாகை ஊற்றி உறைய வைத்து, ஊதா மையில் எழுதிய காகிதத்தை அதன்மேல் ஒட்டி உரித்தார்கள். எழுத்து பாகில் பதிந்துவிடும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக அதில் ஒற்றி எடுத்தால் ஐம்பது பிரதி தேறும். ஐம்பதாவது பிரதியைப் படிக்க நல்ல கண் வேண்டும். நம் ஊரில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்களே, அதற்கு உடன்பிறந்த சகோதரன் இது. 1940-இல் அமெரிக்க ரசிகர் ஒருவர் இதற்கு 'ஃபேன்ஸைன்' என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இப்போது கிளீவ்லண்டு நகரத்துக்கு வருவோம். அங்கே க்ளென்வில் உயர்தரப் பள்ளியில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். இருவரும் 1914-இல் பிறந்தவர்கள், யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், இருவருக்கும் கண்ணாடி, கூச்ச சுபாவம். சீகல் எழுதுவான், ஷஸ்டர் வரைவான். ஷஸ்டர் வீட்டில் வறுமை. சித்திரத் தாள் வாங்கக் காசில்லாமல், சுவரில் ஒட்டும் பூக்காகிதத்தின் பின்பக்கத்திலும் கடைக்காரர் பொட்டலம் கட்டும் தாளிலும் அவன் படம் போட்டான். தாயார் ரொட்டி மாவு பிசையும் பலகைதான் அவனுக்குச் சித்திரப் பலகை.

1932-இல் சீகல் 'ஸயன்ஸ் ஃபிக்ஷன்' என்ற பெயரில் ஒரு ரசிகர் பத்திரிகை தொடங்கினான். ஐந்து இதழ்தான் வந்தது. 1933 ஜனவரியில் வெளிவந்த மூன்றாவது இதழில், புனைபெயரில், ஒரு கதை எழுதினான். அதில்தான் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதன்முதலாக அவன் எழுத்தில் வருகிறது. ஆனால் அந்த சூப்பர்மேன் வழுக்கைத் தலையன்; பிறர் மனத்தைப் படித்து உலகத்தை அடிமையாக்க நினைக்கும் கொடியவன்! அப்புறம் சீகலும் ஷஸ்டரும் யோசித்தார்கள். அதே பெயரை ஒரு நல்லவனுக்குக் கொடுத்தால் என்ன? எளியவர்களைக் காப்பாற்றுகிறவன், குண்டு பட்டாலும் சாகாதவன், உலகத்தின் கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்ட சாது. இதற்குச் சற்று முன்னால், 1932 ஜூன் மாதம் ஓர் இரவு, சீகலின் தகப்பனார் தம் துணிக்கடையில் திருடர்கள் புகுந்த சமயத்தில் மயங்கி விழுந்து உயிர் துறந்திருந்தார். குண்டு துளைக்காத வீரனுக்கும் அந்த இரவுக்கும் சம்பந்தம் உண்டா என்று சீகல் வெளியில் சொன்னதில்லை. வாசகர்கள் தாங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்த வீரனைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஏறாத படி இல்லை. 'பக்குவம் போதாது' என்றார்கள் ஒரு சாரார். 'யாரும் நம்பமாட்டார்கள்' என்றார்கள் இன்னொரு சாரார். இப்படி ஐந்து வருஷம் ஓடிற்று. கடைசியில், 1938 மார்ச்சில், நியூயார்க் கம்பெனி ஒன்று பதின்மூன்று பக்கத்துக்குப் பக்கம் பத்து டாலர் வீதம் 130 டாலர் கொடுத்தது. கூடவே ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. சூப்பர்மேன் என்றென்றைக்கும் கம்பெனியின் சொத்து என்பதுதான் அந்தக் காகிதத்தின் சாரம்.

அந்தக் கதை இடம்பெற்ற 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் விலை பத்து சென்ட். அதற்குப் பிறகு நடந்ததை உலகம் அறியும். தினசரிகள், ரேடியோ, சினிமா, பொம்மைகள் என்று சூப்பர்மேன் பறந்து திரிந்தான். கம்பெனிக்கும் நியாயம் செய்ய வேண்டும். யாரும் தொடாத சரக்கைத் துணிந்து வாங்கிப் போட்டவர்கள் அவர்கள். முதல் சில வருஷங்களில் சீகலும் ஷஸ்டரும் தொடர்ந்து வேலை செய்து நல்ல ஊதியமும் வாங்கினார்கள். ஆனால் ஊதியம் வேறு, உரிமை வேறு அல்லவா? 1947-இல் கோர்ட்டுக்குப் போனார்கள். அடுத்த வருஷம் சுமார் 94,000 டாலருக்கு ராஜி ஆயிற்று. அதோடு உரிமையும் போயிற்று, வேலையும் போயிற்று. கதையின் தலைப்பில் அச்சாகிக்கொண்டிருந்த அவர்கள் பெயரும் மறைந்தது.

இருபத்தேழு வருஷம் கழித்து, சூப்பர்மேனை வைத்துப் பெரிய சினிமாப் படம் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. அப்போது சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் சொற்பச் சம்பளத்தில் குமாஸ்தா. ஷஸ்டருக்குக் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. சீகல் உட்கார்ந்து ஒரு நீண்ட அறிக்கையை டைப் அடித்தார். பிரதிகள் எடுத்துப் பத்திரிகைக் காரியாலயங்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பினார். பதினெட்டு வயதில் எந்த வித்தையைக் கற்றாரோ, அறுபத்தொரு வயதில் அதே வித்தைதான் கைகொடுத்தது! ஜெர்ரி ராபின்ஸன், நீல் ஆடம்ஸ் என்ற இரண்டு சித்திரக்காரர்கள் கச்சை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சிறுவயதில் சூப்பர்மேனைப் படித்தவர்கள் இப்போது பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் உத்தியோகத்தில் இருந்தார்களே, அவர்கள் சும்மா இருப்பார்களா? 1975 டிசம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர். கதையில் மறுபடியும் அவர்கள் பெயர். உரிமை மட்டும் திரும்பவில்லை.

அதே 1975 டிசம்பரில், பூமியின் மறுபக்கத்தில், டோக்கியோவில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. அங்கே நடந்து வந்த வேறொரு மாநாட்டின் நிர்வாகம், தன்னைக் குறை சொன்ன ரசிகர் ஒருவருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. "அப்படியானால் நாமே ஒரு சந்தை போட்டுக்கொள்வோம்" என்று யோஷிஹிரோ யோனெஸாவா என்ற வாலிபரும் நண்பர்களும் கிளம்பினார்கள். டிசம்பர் 21-ஆம் தேதி கூடிய அந்தச் சந்தையில் 32 குழுக்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகங்களைப் பரப்பின. வந்தவர்கள் சுமார் 700 பேர். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகள். 'காமிக் மார்க்கெட்' என்பது அதன் பெயர். விற்பவர், வாங்குபவர் என்ற பேதம் அங்கே கிடையாது. எல்லாருமே 'பங்கு கொள்பவர்கள்' என்பது அவர்களுடைய கொள்கை. 2019-இல் இந்தச் சந்தை ஒவ்வொரு தடவை கூடியபோதும் ஏழு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

அங்கே விற்ற புத்தகங்களில் மற்றவர்களுடைய பாத்திரங்களை எடுத்து ரசிகர்கள் தாங்களாகக் கட்டிய கதைகளும் ஏராளம். சட்டப்படி பார்த்தால் வம்புதான். ஆனால் ஜப்பானியப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் அதைக் கண்டும் காணாமலும் இருந்துவிட்டார்கள். தங்களுடைய நாற்றங்கால் அது என்பது அவர்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற 'க்ளாம்ப்' என்ற பெண்கள் குழு இப்படி ரசிகர் புத்தகம் போட்டுக்கொண்டிருந்த கூட்டந்தான்.

அமெரிக்காவிலும் சீகல், ஷஸ்டரின் கதையை அடுத்த தலைமுறை மறக்கவில்லை. கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் என்ற இருவர், தாங்கள் விரும்பிப் படித்த வீரர் கதைகளைக் கேலி செய்ய, கத்தி சுழற்றும் நான்கு ஆமைகளைப் படைத்தார்கள். ஒரு மாமாவிடம் கடன் வாங்கி, 1984-இல், கறுப்பு வெள்ளையில் மூவாயிரம் பிரதி அச்சிட்டார்கள். தங்கள் ஸ்தாபனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மிராஜ் ஸ்டூடியோஸ்'. மிராஜ் என்றால் கானல்நீர். ஸ்டூடியோவே கிடையாது, வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்துதான் வேலை என்பதால் அந்தப் பெயர்! ஆமைகள் சினிமா வரைக்கும் போயின. ஆனால் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இந்த இருவரும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். 1988-இல் மாஸசூஸெட்ஸில் நார்தாம்ப்டன் என்ற ஊரில் சித்திரக் கதைக்காரர்கள் சிலர் கூடி 'படைப்பாளிகளின் உரிமைப் பத்திரம்' என்று ஒன்று எழுதினார்கள். அதில் இவர்களும் உண்டு. தன் படைப்பு தனக்கே சொந்தம், கையெழுத்துக்கு முன் வக்கீலைக் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பன போன்ற ஷரத்துகள். அந்தப் பத்திரத்தை முக்கியமாக வரைந்தவர் ஸ்காட் மக்ளவுட். இதே மக்ளவுட்தான் 2000-இல் ஒரு புத்தகம் எழுதி, சித்திரக் கதைக்கு இனி எல்லையற்ற தாள் கிடைக்கப் போகிறது, அதன் பெயர் இணையம் என்று வாதாடினார்.

இணையம் வந்ததும் ஜெலட்டின் தட்டு, ஸ்டென்ஸில், மாமாவின் கடன் எல்லாம் ஒரே மூச்சில் தேவையற்றுப் போயின. வரைந்து முடித்த ராத்திரியே உலகம் படிக்கலாம். குச்சி உடம்பும் உருண்டைத் தலையுமாக மனிதர்களை வரைந்து ரிச் பர்லூ என்பவர் 2003 முதல் ஒரு நகைச்சுவைக் கதையை இனாமாகவே வெளியிட்டு வந்தார். தீர்ந்துபோன புத்தகங்களை மறுபடி அச்சிட வேண்டும் என்று 2012-இல் அவர் ரசிகர்களைக் கேட்டபோது, ஏறக்குறைய 15,000 பேர் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதே 2012-இல், கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என். டி. ஸ்டீவன்ஸன் 'நிமோனா' என்ற கதையை இணையத்தில் பக்கம் பக்கமாக வெளியிடத் தொடங்கினார். அது 2015-இல் புத்தகமாயிற்று, 2023-இல் திரைப்படமாயிற்று.

இதைக் கேட்டுவிட்டு எல்லாம் சுபம் என்று மங்களம் பாடிவிடக் கூடாது. ஒரு பர்லூவுக்குப் பின்னால், காலணா காணாமல் வருஷக்கணக்கில் வரைகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அச்சுக்கூட முதலாளி போனார். ஆனால் இணையத்தில் இடம் கொடுக்கிறவர் என்று வேறொரு முதலாளி வந்திருக்கிறார். 'ஸ்மாக் ஜீவ்ஸ்' என்ற தளத்தில் பல வருஷங்களாகப் புதுச் சித்திரக்காரர்கள் கதைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2020 கடைசியில் அது கடையைக் கட்டிவிட்டது. தங்கள் கதைகளுக்குப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளாதவர்கள் தவித்தார்கள். ஐம்பதாவது ஊதாப் பிரதி மங்கலாக இருந்தாலும் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் கிடைக்கும். அணைந்துபோன தளத்தை எந்தப் பரணில் தேடுவது? ஆகையால் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது, பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது ஆகிய இரண்டும் இன்றைக்கும் உற்சாகத்துக்கு அடுத்தபடியாக வேண்டிய சாமான்கள்.

அந்த 2012-ஆம் வருஷத்தில் இன்னொரு சம்பவமும் நடந்தது. சீகலுக்கும் ஷஸ்டருக்கும் கம்பெனி கொடுத்த பழைய செக்கு ஏலத்துக்கு வந்தது. வேறு வேலைகளுக்கான கூலியும் சேர்த்து மொத்தம் 412 டாலர். அதில் சூப்பர்மேன் பங்கு 130. செக்கில் இருவர் பெயரையும் கம்பெனி தப்பாக எழுதியிருந்தது. அதனால் அவர்கள் பின்பக்கத்தில் தப்பான பெயரிலும் சரியான பெயரிலுமாக இரண்டு தடவை கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சூப்பர்மேனைக் கொடுத்து வாங்கிய அந்தக் காகிதம் 1,60,000 டாலருக்கு விலை போயிற்று. ஷஸ்டர் காலமாகி அப்போது இருபது வருஷம். சீகல் காலமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது.